நாச்சிமுத்துவுக்குத் தொண்ணூற்றொன்று

நாச்சிமுத்துவின் கணையத்தில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகுதான் அதில் நோயே இல்லை என்று தெரிந்தது.

தெரிந்ததும் மருத்துவமனையில் யாரும் அதிர்ந்துபோகவில்லை. அறிக்கையில் ஒரு வரி: ‘தீங்கற்ற நீர்க்கட்டி. புற்றுநோய்க் கூறுகள் இல்லை.’ கணையத்தோடு மண்ணீரலும் போயிருந்தது. அது பக்கத்தில் இருந்த பாவத்துக்கு. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பூங்கொத்தும், இன்சுலின் போட்டுக்கொள்வது எப்படி என்ற கையேடும் கொடுத்தார்கள். கையேட்டின் அட்டையில் ஒருவர் சிரித்துக்கொண்டே தன் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நாச்சிமுத்து டோக்கன் வாங்காமல் டாக்டர் ஹெப்சிபாவின் அறைக்குள் நுழைந்தார். வயது நாற்பத்தொன்பது. கோயமுத்தூர் கணபதியில் பம்புக்கு வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். பதினெட்டு கிலோ இளைத்திருந்தார். சட்டை மட்டும் பழைய அளவு.

“உக்காருங்க நாச்சிமுத்து.”

“உக்காரறதுக்கு வரலீங்க டாக்டரம்மா. எனக்கு ஒண்ணுமில்லைன்னு உங்க ரிப்போர்ட்டே சொல்லுது. அப்பறம் எதுக்கு அறுத்தீங்க?”

இந்தக் கேள்விக்கு ஹெப்சிபாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. மருத்துவமனையின் சட்டப் பிரிவு எழுதிக் கொடுத்த பதில்.

“அறுவைக்கு முன்னாடி நூறு சதவீதம் உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. வாய் வழியா குழாய் விட்டு, வயித்துக்குள்ள இருந்தே ஸ்கேன் எடுத்தோம் இல்லையா, அந்தப் படத்தை அகக்கண்ணும் கூடவே பார்த்தது. தொண்ணூத்தொண்ணு காட்டிச்சு. எண்பதைத் தாண்டினா எடுத்துடறதுதான் பாதுகாப்பு.”

அகக்கண் என்பது அந்த மருத்துவமனை மூன்று வருடம் முன்பு வாங்கிய செயற்கை நுண்ணறிவு. ஸ்கேன் ஓடும்போதே கூடவே பார்த்து, கணையத்தில் இருக்கும் நீர்க்கட்டி புற்றாகும் வாய்ப்பு எவ்வளவு என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். எண்பதுக்கு மேல் என்றால் திரை சிவக்கும். திரை சிவந்தால் ஆபரேஷன் தேதி தானாகவே பதிவாகிவிடும். மருத்துவர் மறுக்கலாம். மறுப்பதற்கு மூன்று பக்க விளக்கம் எழுத வேண்டும். மூன்று வருடத்தில் ஒருவரும் எழுதியதில்லை.

“அந்த மெசினு என்னத்தைப் பாத்துட்டுத் தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லுச்சுங்க?”

“கட்டியைப் பார்த்து.”

“கட்டியில என்னத்தை?”

அகக்கண்ணை விற்ற கம்பெனிக்காரர்களிடம் ஹெப்சிபாவும் ஒருமுறை இதைக் கேட்டிருந்தார். ‘லட்சக்கணக்கான புள்ளிகள் மேடம், மனித மூளைக்குப் புரியாது’ என்று சொல்லிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

“சரி, அதை உடுங்க. நீங்க பாத்தீங்கல்ல? உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?”

சட்டப் பிரிவு இதற்குப் பதில் எழுதித் தரவில்லை.

“ஆபத்தில்லாத கட்டி மாதிரிதான் தெரிஞ்சுது,” என்றார் ஹெப்சிபா மெதுவாக.

“மெசினு சொன்னதும் மாத்திக்கிட்டீங்க.”

“...ஆமா.”

நாச்சிமுத்து கத்துவார் என்று ஹெப்சிபா எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எங்க பட்டறையில குப்புராசுன்னு ஒரு செக்கர் இருந்தானுங்க. வார்ப்படத்துல ஓட்டை இருக்குதான்னு பாக்கற வேலை. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு கரெக்டா சொல்லுவான். மொதலாளி மோதரமே போட்டாரு. அப்பறந்தான் தெரிஞ்சுது, அவன் வார்ப்படத்தையே பாக்கறதில்லைன்னு. என்னைப் பாப்பான். நான் எதைக் கையில எடுத்து ரெண்டு தடவை திருப்பறனோ, அதைக் கழிச்சுப் போடுவான். நான் லீவு போட்ட வாரம் போன பம்பெல்லாம் ஒழுகுச்சுங்க.”

“இதை எதுக்கு என்கிட்ட...”

“என்னுது போச்சுங்க, டாக்டரம்மா. அதைத் திருப்பி ஒட்ட முடியாது. எந்தங்கச்சி துளசிமணிக்கு வர்ற வெசாளக்கெழமை ஆபரேசன். அண்ணனுக்குக் கட்டி வந்துது, தங்கச்சிக்கும் பாக்கோணும்னு நீங்கதான் கூப்பிட்டு விட்டீங்க. அவளுக்கும் கட்டி இருக்குதாம். எம்பத்தெட்டாம்.” அவர் எழுந்துகொண்டார். “அவ கையிலயும் பூங்கொத்தைக் குடுக்கறதுக்கு முன்னால, அந்த மெசினு என்னத்தைப் பாக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மூணு நாள் இருக்குதுங்க.”

அன்று பிற்பகல் ஹெப்சிபா நாச்சிமுத்துவின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்.

சாம்பல் திரையில் கணையம். அதன் நடுவே அந்தக் கட்டி. தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள், மெல்லிய சுவர்கள். பாடப்புத்தகத்தில் போடலாம் போன்ற அழகான, அப்பாவியான கட்டி. இதைப் போய் எப்படித் தொண்ணூற்றொன்று?

வீடியோ நின்றது. அவர்தான் அன்றைக்கு நிறுத்தியிருந்தார். காலடிப் பெடலை அழுத்தினால் படம் உறைந்து நிற்கும். அளவுக்கோடு போட்டு அளந்திருந்தார். நகர்ந்து, மறுபடி நிறுத்தி, வேறு கோணத்தில் அளந்திருந்தார். மறுபடியும். மொத்தம் பதினோரு தடவை.

ஆபத்தில்லாத கட்டியில் எதற்காகப் பதினோரு தடவை நின்றேன்?

ஞாபகம் வந்ததும் காது சுட்டது. கொச்சியில் ஒரு மாநாடு. ஹெப்சிபா பேச வேண்டிய தலைப்பு: ‘கவலைப்படத் தேவையில்லாத கணையக் கட்டிகள்’. அதற்கு ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. இவ்வளவு லட்சணமான கட்டி அவருக்குக் கிடைத்து வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு ஸ்லைடுக்காக நின்று நின்று எடுத்திருந்தார். எடுத்து முடித்தபோது திரை சிவந்திருந்தது.

சிவந்ததும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அரை நிமிடம். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்தப் படத்தைக் கொச்சிக்கும் கொண்டுபோகவில்லை.

துளசிமணியின் வீடியோவைப் போட்டார். அதே தேன்கூடு, கொஞ்சம் சிறியது. பதினான்கு நிறுத்தங்கள். ‘அண்ணனுக்கு வந்திருக்கே, இவளுக்கு எதையும் விட்டுவிடக் கூடாது’ என்ற அக்கறையில் நின்றவை. எண்பத்தெட்டு.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஹெப்சிபா கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் நோயாளி, நடுவில் தான் எத்தனை தடவை நின்றோம் என்பது, இன்னொரு பக்கம் மதிப்பெண். இருபது பேர். கட்டிகள் விதவிதமாக இருந்தன. நின்ற எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் மட்டும் கைகோத்துக்கொண்டு ஏறின, இறங்கின.

“குப்புராசு,” என்று அவர் வாய்விட்டுச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மதியம், ஸ்கேன் அறை காலியாக இருந்த நேரத்தில், ஹெப்சிபா ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தார். டப்பா நிறைய சைனா கிராஸ் என்ற கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி உறைய வைத்திருந்தார். நடுவில் ஒரு பன்னீர் திராட்சை.

நர்ஸ் ஜெயக்கொடி எட்டிப் பார்த்தார். “மேடம், இவருக்கு மயக்க மருந்து வேணுமா? வெறும் வயித்துல வந்திருக்காரா?”

“குழாயை எடுங்க சிஸ்டர். பாலகோபால் சாரையும் கூப்பிடுங்க. உடனே.”

மருத்துவ இயக்குநர் டாக்டர் பாலகோபால் ஒரு காலத்தில் நல்ல அறுவை நிபுணர். இப்போது ஒன்பது கிளைகளுக்கு இயக்குநர். கையில் கத்தி பிடித்து ஆறு வருடம் ஆகிறது.

“என்ன ஹெப்சிபா, ஜெல்லி செஞ்சிருக்கீங்க?”

“பாருங்க சார்.”

குழாயின் முனையை ஜெல்லியின் மேல் வைத்து, ஒரே வேகத்தில், நிற்காமல், திராட்சையைக் கடந்து போனார். திரை பச்சையாகவே இருந்தது. மதிப்பெண்: மூன்று.

மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை திராட்சையின் மேல் நின்றார். உறைய வைத்தார். அளந்தார். கொஞ்சம் நகர்ந்தார், திரும்பி வந்தார், மறுபடி அளந்தார். நோயாளியின் மனைவி வெளியே காத்திருக்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

திரை சிவந்தது. எண்பத்தொன்பது. கீழே ஒரு செய்தி ஓடியது: ‘அறுவைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.’

ஜெயக்கொடி சிரித்துவிட்டார். அப்புறம் இயக்குநரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“திராட்சைக்கு ஆபரேஷனா?” என்றார் பாலகோபால்.

“அது கட்டியைப் பார்க்கலை சார். என் கையைப் பார்க்குது. பத்து வருஷமா நாங்க எடுத்த எட்டாயிரம் வீடியோவைப் போட்டுத்தானே அதுக்குக் கத்துக்கொடுத்தாங்க? பயம் இருக்கிற இடத்துலதான் டாக்டருங்க நாங்க நிப்போம், அளப்போம். அதுக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு. கட்டி எதுக்கு? டாக்டர் எங்க பயப்படறார்னு தெரிஞ்சா பாஸ்.”

“சோதனையில தொண்ணூத்தாறு சதவீதம் சரியா வந்துதே?”

“அந்தச் சோதனை வீடியோவும் நாங்க எடுத்ததுதானே சார். நாங்க சரியா பயந்தோம். அது சரியா காப்பியடிச்சுது.”

பாலகோபால் திராட்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அப்படிப் பார்த்தா, உங்க அனுபவத்தைத்தான் அது பிரதிபலிக்குது. அதுல என்ன தப்பு?”

“ரெண்டாவது அபிப்பிராயம்னு சொல்லித்தானே சார் ஜனங்களை நம்ப வைக்கிறோம்? ‘நான் மட்டும் சொல்லலைங்க, மெஷினும் சொல்லுது’ன்னு என் வாயால எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! ரெண்டாவது ஆளே இல்லை சார். என் குரலே திரும்பி வந்து எனக்கே தைரியம் சொல்லியிருக்கு. ஒரு ஸ்லைடுக்காக நின்னேன், அதை பயம்னு எடுத்துக்கிட்டு ஒரு மனுஷனோட கணையத்தைக் காவு வாங்கிடுச்சு. நாளன்னிக்கு அவர் தங்கச்சி. நிறுத்துங்க சார்.”

“எண்பத்தெட்டு இருக்கும்போது நான் எப்படி நிறுத்தறது? நாளைக்கு அந்தம்மாவுக்கு நிஜமாவே புற்று வந்தா, ‘மெஷின் எச்சரிச்சது, ஆஸ்பத்திரி கேக்கலை’ம்பாங்க. பதில் யார் சொல்றது?”

“நான் சொல்றேன். அது ஆபத்தில்லாத கட்டி. எழுதித் தர்றேன்.”

“உங்க எழுத்தைக் கமிட்டி ஏத்துக்காது. மதிப்பெண் வேணும்.”

பாலகோபால் முட்டாள் இல்லை. அடுத்து அவர் சொன்னதிலேயே அது தெரிந்தது.

“நாளைக்கு அந்தம்மாவுக்கு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. எப்படிப் பண்ணணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே. மதிப்பெண் இறங்கினா ஆபரேஷன் தானா ரத்தாகும். ஆனா இந்தத் திராட்சை இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. வீடியோவை இப்பவே அழிச்சிடுவாங்க. நீங்களும் வாய் திறக்க மாட்டீங்க. சரியா?”

மற்ற எட்டுக் கிளைகளில் அந்த நேரத்தில் யார் யார் எங்கெங்கே நின்று அளந்துகொண்டிருந்தார்கள் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியாது. வியாழனுக்கு ஒன்றரை நாள் இருந்தது. அது தெரியும்.

தலையாட்டினார்.

புதன்கிழமை காலை துளசிமணி ஸ்கேன் மேஜையில் படுத்திருந்தார். நாற்பத்திரண்டு வயது, சூலூரில் தையல் வகுப்பு நடத்துகிறவர்.

“ஏனுங்க டாக்டர், ஒருக்கா பாத்தது பத்தலீங்களா? மெசினுக்குக் கண்ணாடி மாத்தோணுமா?”

“எனக்குத்தான் மாத்தணும்,” என்றார் ஹெப்சிபா.

முதலில் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஓரத்தில் எண் இல்லாத திரை. தேன்கூட்டை ஆற அமரப் பார்த்தார். பிறகு இரைப்பைச் சுவர் வழியாக மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி நீரை உறிஞ்சி எடுத்தார். கெட்ட கட்டி என்றால் சளி மாதிரி இழுபடும். இது தண்ணீராக வந்தது. இப்படி நீர் எடுத்துப் பரிசோதிப்பது ஒரு காலத்தில் வழக்கம்தான். இயந்திரம் இருக்கும்போது ஊசி எதற்கு என்று ஒரு சுற்றறிக்கை வந்து அதை நிறுத்தியிருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு இந்த ஊசி போடப்படவே இல்லை.

கடைசியாக அகக்கண்ணை இயக்கி, நிற்காமல், ஒரே வேகத்தில் கட்டியைக் கடந்து போனார். பஸ்ஸிலிருந்து பார்ப்பது போல.

ஏழு.

ஒரே பெண். அதே கட்டி. முன்பு எண்பத்தெட்டு.

மதியம் இரண்டு மணிக்குள் ஆபரேஷன் ரத்தானது. நீரின் பரிசோதனை முடிவு வியாழன் காலையில்தான் வந்தது: ஆபத்தில்லை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. ஏழு போதுமானதாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நாச்சிமுத்து மறுபடி வந்தார். இந்தத் தடவை டோக்கன் வாங்கியிருந்தார்.

“தங்கச்சி நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்கறாளுங்க. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாப்பதடி ஒசரத்துல இருக்கறா.”

செல்போனை நீட்டினார். விளம்பரப் பலகை. துளசிமணி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில்: ‘தேவையில்லாத அறுவையிலிருந்து என்னைக் காப்பாற்றியது அகக்கண்!’ கீழே: ‘விரைவில் மேலும் ஐந்து கிளைகளில்.’

ஹெப்சிபாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “இதுக்கு அவங்க சம்மதிச்சாங்களா?”

“வீட்டுக்கு அனுப்பறப்ப இருபது எடத்துல கையெழுத்து வாங்குனாங்களாம். அதுல இதொண்ணு.” அவர் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “என்னை அறுத்துதே, அப்ப யாரு செஞ்சாங்கன்னு கேட்டதுக்கு, ‘மெசினு வெறும் ஒத்தாசைக்குத்தான், முடிவு டாக்டருது’ன்னாங்க. இவளை அறுக்காம உட்டதுக்கு மட்டும் மெசினுக்கு மாலையா?”

“நான் உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்த மெஷின்...”

“கையைத்தான் பாத்துதுங்களாக்கும்.”

“எப்படித் தெரியும்?”

“நீங்க எம்பட தங்கச்சிக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தீங்கன்னு சொன்னதுமே தெரிஞ்சுதுங்க. கட்டி மாறலை. வேற என்ன மாறும்?” அவர் போனில் வேறெதையோ தேடினார். “நான் வந்தது அதுக்கில்லீங்க. என்ற வீடியோவைக் கேட்டேன், இதே குப்புராசு வேலைன்னு நாலு பேருக்குக் காட்டறதுக்கு. தர மாட்டாங்களாம். டாக்டருங்க மேல வர்ற புகாரை விசாரிக்கற குறைதீர் மன்றம் கேட்டாத்தான் தருவாங்களாம். சரின்னு மன்றத்துக்குப் புகார் எழுதலாம்னு உக்காந்தா, இதைப் பாருங்க.”

படிவத்தில் ஒரு கட்டம் சிவப்பாக மினுங்கியது: ‘மருத்துவரின் பெயரை உள்ளிடவும்.’

“மெசினு பேரைப் போட்டா எடுக்க மாட்டேங்குது. ‘டாக்டர் அகக்கண்’னு போட்டுக்கூடப் பாத்துட்டனுங்க. பதிவு எண் கேக்குது.”

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் கண் எரிந்தது. போனைக் கேட்டு வாங்கினார். சிவப்புக் கட்டத்தில் தட்டினார்: ஹெப்சிபா தேவசகாயம். பதிவு எண்ணை மனப்பாடமாகப் போட்டார். கட்டம் பச்சையானது.

“ஏனுங்க டாக்டரம்மா, நீங்க மாட்டிக்குவீங்களே?”

“நான் மாட்டினாத்தான் மன்றம் வீடியோவைக் கேக்கும். கேட்டா ஆஸ்பத்திரி கொடுத்தே ஆகணும். வாயைத் திறக்க மாட்டேன்னு ஒருத்தர்கிட்ட ஒத்துக்கிட்டேன். குற்றம் சாட்டினா பதில் சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கலை.”

“வேலை போயிருமுங்க.”

“போகும். பதிவையும் ஒரு வருஷம் நிறுத்தி வைப்பாங்க. அங்க உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவேன். எழுதிக்கிட்டுத்தானே ஆகணும் அவங்க.”

அடுத்த கட்டம்: ‘மருத்துவர் செய்த தவறு என்ன?’

நாச்சிமுத்து போனைத் திரும்ப வாங்கி, ஆட்காட்டி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். “என்ன எழுதட்டுங்க?”

“நோய் இல்லைன்னு அவர் கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.”

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவர் அதை அடித்தார். ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது நெசந்தானுங்களே?”

“நிஜம்தான்.”

ஹெப்சிபா கை நீட்டினார், ‘அனுப்பு’ என்ற இடத்தைத் தொட. நாச்சிமுத்து போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உடுங்க. எந்தங்கச்சியைக் காப்பாத்துனீங்க, அதுக்குக் கும்புட்டுக்கறேன். ஆனா இது எம்பட வயிறு, டாக்டரம்மா. உங்களுக்காகப் பாவம் பாத்தெல்லாம் இதை நான் அனுப்பலை.”

கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.